வளையாத கோடு

இந்துமதிக்கு மூச்சிரைப்பு வந்தால் கூப்பிடக் குரல் எழாது. எழுந்தாலும் பக்கத்து வீட்டு நிட்டிங் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அதனால் அவள் கட்டிலருகே ஒரு சுவிட்சும், முன்னறையில் மெஷினை மீறி அலறும் மணியும் வைக்க, கணவன் மகுடேஸ்வரன் வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்தான்.

சோதித்தபோது முதல் போர்டே நன்றாக வேலை செய்தது.

"போதுமுங்க, மாட்டி உடுங்க."

"கரண்டு போற கோடெல்லாம் கோணலா இருக்குது. குறுக்கே ஒயரு வேற. கம்பெனில என்னைய இன்ஜினியர்ங்கறாங்க. பாத்தா சிரிக்க மாட்டாங்களா?"

"எனக்கு அழகு வேண்டாமுங்க. அடிச்சாப் போதும்."

"கொஞ்சம் பொறு கண்ணு."

செம்பு பூசிய புதிய அட்டையில் மறுபடி வரைந்தான். அதில் ஒரு மூலை வட்டமாகிவிட்டது. அதையும் தூக்கிப் போட்டான்.

மூன்றாவதில் ஒரு கோடும் வளையவில்லை. வீட்டுக்கு வந்த கம்பெனி மேனேஜர், சுவரில் இருந்த அதை உற்றுப் பார்த்தார்.

"அச்சுல வார்த்தாப்பல இருக்குதே இன்ஜினியரே! ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க."

மகுடேஸ்வரன் உள்ளே போய், இந்துமதி ஒருமுறையும் அழுத்தாத அந்தச் சுவிட்சை அழுத்தினான். மணி அலறியது.

மேனேஜர் தான் கொண்டுவந்த மாலையை இந்துமதியின் படத்துக்குப் போட்டு முடித்த பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை.