கல் கரையும் வரை

வண்டியின் பின்தட்டில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்த பிறகுதான் ஆர்டித்துக்கு மூச்சு வந்தது.

பாறைப் பாஸ்பேட். கருங்கல் தூள். சிப்பித் தூள். எல்லாமே மெதுவாகக் கரைகிறவை.

அவள் கணவன் ராய்ஸ் காலையில் யுரேகா நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனான். போன வாரம் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததன் முடிவை இன்று சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு வர ரெண்டு பேர் எதற்கு என்று அவளை வீட்டில் விட்டுவிட்டான். திரும்பும் வழியில் உரக்கடைக்கும் போயிருக்கிறான்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வயசாயிடுச்சுன்னார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்."

"வேற?"

"காப்பியைக் குறைக்கணுமாம். மூட்டையை இறக்கலாமா, இல்ல இங்கயே நிக்க வெச்சு விசாரணையா?"

அவன் வாயிலிருந்து ஒன்றும் வராது. ஆனால் மூட்டைகள் பொய் சொல்லாது.

முப்பத்தோரு வருஷமாக இந்த மட்டோல் மலைச்சரிவில் இருவரும் கஞ்சா பயிரிடுகிறார்கள். முப்பத்தோரு வருஷமும் ஒரே சண்டை.

அவள் கல் கட்சி. மண்ணில் பாறைத் தூளைக் கலந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வேருக்கு ஊட்டும் என்பாள்.

அவன் மீன் கட்சி. துறைமுகத்திலிருந்து மீன் தலையும் குடலும் அள்ளிவந்து, பீப்பாயில் கரும்புப்பாகோடு ஊறப்போட்டு, அந்தக் கரைசலை ஊற்றுவான். ஒரே வாரத்தில் இலை கரும்பச்சையாகிவிடும்.

"உன் கல்லு கரைய நாலு வருஷம். அதுவரைக்கும் செடி பட்டினி கிடக்கணுமா? நாலு வருஷத்தை யாரு கண்டா?" என்பான்.

அப்படிப்பட்டவன் தன் கையால் கல் வாங்கி வந்திருக்கிறான். நாலு வருஷத்தை நம்புகிறவன்தானே கல் வாங்குவான்!

அவளுக்குப் பாடலாம் போல இருந்தது.

அறுவடை முடிந்து ஒழிந்த பாத்திகளின் மண் களத்தில் குவிந்து கிடந்தது. அவன் மூட்டையைப் பிரித்துக் கொட்ட, அவள் முள்மண்வெட்டியால் புரட்டினாள். தோளில் அறுவை செய்த பிறகு ஒரு வாளிக்கு மேல் அவளால் தூக்க முடியாது.

"தோத்துட்டேன்னு ஒத்துக்கோ, கிழவா."

"தோத்துட்டேன்."

இத்தனை சுலபமாக அவன் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. சந்தோஷத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது மூட்டை. ஐந்தாவது. அவன் நிறுத்துவதாக இல்லை.

"என்ன இது, ஊருக்கே சமைக்கிறியா? மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வை."

"வேணாம். எல்லாத்தையும் இப்பவே போட்டுடலாம். அப்புறம் நாலு வருஷத்துக்கு ஒரு மூட்டைகூடத் தூக்க வேண்டாம். தண்ணி ஊத்தினா போதும்."

"சோம்பேறி."

அவன் சிரித்தான். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். அக்டோபர்க் குளிரில் அவன் நெற்றி வியர்த்திருந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தினான். உருண்டை பிடித்தது, விரலால் தட்டியதும் உதிர்ந்தது.

"ஈரம் சரியா இருக்கு. மூடி வெச்சா வசந்தத்துக்குள்ள மண்ணு வெந்து பக்குவமாயிடும்."

"தார்ப்பாய் எங்க? கொட்டகையிலயா?"

"இரு, நான் எடுத்துட்டு வரேன்."

ஆனால் எழுந்திருக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"உக்காரு. தோத்தவன் உக்காரணும்."

கொட்டகையின் அந்தக் கோடிக்கு அவள் போவதேயில்லை. மீன் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

இன்று நாற்றம் இல்லை. தனக்குத்தான் சளியோ என்று நினைத்தாள்.

தார்ப்பாய் ஆணியில் தொங்கியது. அதன் கீழே, இரண்டு செங்கல் மேல், பீப்பாய் கவிழ்ந்திருந்தது.

கழுவியிருந்தது.

ராய்ஸ் அந்தப் பீப்பாயை ஒருநாளும் கழுவியதில்லை. அடிக்கசடுதான் அடுத்த வருஷத்துக்கு உறை. தயிருக்கு உறை வைப்பதுபோல, முதல் வருஷத்துக் கசடே இத்தனை வருஷமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அதை விட்டு எங்கேயும் போகவும் மாட்டான். "பத்து நாள் கிண்ட ஆளில்லேன்னா புழு வெச்சிடும். உன் தோளுக்கு இதைக் கவுத்துக் கொட்டவும் முடியாது" என்பான்.

அவள் பீப்பாயைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. செங்கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது.

இன்று கழுவியதல்ல. டாக்டர் முடிவைச் சொல்வதற்கு முன்பே கழுவி வைத்திருக்கிறான்.

"கிடைச்சுதா?" வெளியிலிருந்து அவன் குரல்.

தார்ப்பாய் அவள் முகத்துக்கு நேரே தொங்கியது.

"தேடிட்டிருக்கேன்."

தோள் வலிக்க வலிக்க அவள் பீப்பாயைச் சாய்த்தாள். மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டாள். சோப்பு வாசனை. அதற்கும் அடியில், இருக்கிறதோ இல்லையோ என்பதுபோல், மீன்.

அந்த நாற்றத்தை அவள் ஆழமாக மூச்சில் இழுத்துக்கொண்டாள்.