மஞ்சள் வில்லை

செவலைப் பசுவின் காதில் தொங்கிய மஞ்சள் வில்லைக்குத் தலைக்கனம் அதிகம். அதன்மேல் இருந்த பன்னிரண்டு இலக்க எண் அரசாங்கம் கொடுத்தது அல்லவா!

ஒருநாள் தடுப்பூசி முகாம் போட்டார்கள். ஆட்கள் வந்தார்கள், மருந்து வரவில்லை. வில்லையின் எண்ணைக் குறித்து, ஊசி போட்டாயிற்று என்று பதிந்துவிட்டுப் போனார்கள்.

பத்தே நாளில் பசுவின் வாயெல்லாம் கொப்புளம். எச்சில் நூலாக ஒழுகியது. குளம்பும் வெடித்துவிட்டது.

"எனக்குக் கோமாரி வந்திருக்கு. உன் ஆளுங்களைக் கூப்பிடேன்" என்று வில்லையிடம் சொன்னது பசு.

"உளறாதே. உனக்குத்தான் ஊசி போட்டாச்சே! கோமாரி எப்படி வரும்?"

"அப்போ இந்தப் புண்ணு?"

"முள்ளு குத்தியிருக்கும். வாயை மூடிக்கிட்டு வைக்கோலைத் தின்னு."

"வாயை மூட முடிஞ்சா தின்ன மாட்டேனா?"

நாலாம் நாள் பசு செத்தது. வழக்கப்படி, செத்ததற்கு அத்தாட்சியாக வில்லையோடு காதை அறுத்து அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். அங்கே மேசை இழுப்பறையில் ஏற்கெனவே நாற்பது வில்லைகள் கிடந்தன.

"உன் மாடு எப்படி இருக்கு?" என்று அவை விசாரித்தன.

"அதுக்கென்ன, அமோகமா இருக்கு" என்றது ரத்தம் காயாத வில்லை. "உங்க மாடுங்க?"

"எங்களுதும் அப்படித்தான்" என்றன நாற்பதும்.