உள்மூடி

"ஸ்பிரிட் டின்ல பாதியைக் காணோம்டி. எல்லாம் ஜாடி அண்ணன் வயித்துக்குள்ள போயிருக்கும்."

பக்கத்து மேசைக்காரி காதோடு சொன்னதும் புழு டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புழு டாக்டர் என்பது கணவன் வைத்த பெயர். இன்னும் டாக்டர் ஆகவில்லை. கடலடிச் சேற்றில் வாழும், கடுகைவிடச் சின்ன உயிர்கள் எத்தனை வகை என்று எண்ணி முடித்தால்தான் பட்டம். பிரசவ விடுப்பில் போனவள், எட்டு மாதம் கழித்து இன்றுதான் ஆய்வகத்தில் கால் வைத்திருக்கிறாள்.

"அது மட்டுமா? உன் சாம்பிள் ஜாடியெல்லாம் திறந்திருக்காரு. அவர் சட்டைக் கையைப் பாரு."

பார்த்தாள். தொட்டியில் ஜாடி கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் ஜாடி அண்ணனின் காக்கிச் சட்டையில் ரோஸ் கறை. சேற்றுக்கு நடுவே புழுக்கள் பளிச்சென்று தெரிவதற்காக அவள் ஜாடிகளில் கலந்து வைத்த அதே சாயம். எத்தனை துவைத்தாலும் லேசில் போகாது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூற்றாறு ஜாடி! கப்பலில் பதினெட்டு நாள் வாந்தி எடுத்துக்கொண்டே அள்ளி, கெடாமல் இருக்க ஸ்பிரிட் ஊற்றி வைத்த சேறு. நேராகத் தொட்டியடிக்குப் போனாள்.

"அண்ணே, என் ஜாடியைத் தொட்டீங்களா?"

"தொட்டேம்மா." தலையைச் சொறிந்தார்.

"ஸ்பிரிட்டையும் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"எதுக்கு?"

"சும்மாதாம்மா. அதை விடுங்க, பாப்பா தவழுதா?"

பேச்சை மாற்றுகிறாராம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். குழந்தையை விசாரித்துவிட்டால் விட்டுவிடுவாளா?

பேராசிரியர் அறைக்குள் போய் அத்தனையும் கொட்டினாள். அவர் எதற்கும் குரலை உயர்த்த மாட்டார், சாம்பிள் விஷயம் தவிர. போன வருடம் ஒரே ஒரு ஜாடி காய்ந்துபோனதற்கு ஒரு மாணவனின் பதிவையே ரத்து செய்தவர்.

"சாம்பிள்ல அலட்சியம்னா யாரா இருந்தாலும் வெளியதான். எழுதிக் கொடும்மா, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன். ஆனா எந்தெந்த ஜாடின்னு நம்பர் வேணும்."

நம்பரா? எண்ணுவதுதானே அவள் தொழில்!

தாளை எடுத்தாள். 'ஆய்வு சாம்பிள்களை அலட்சியமாகக் கையாண்டது குறித்து. இதற்குப் பொறுப்பானவர்' என்று எழுதி, அண்ணன் பெயரைப் போட்டாள். ஜாடி நம்பருக்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தாள்.

முதல் ஜாடி நிரம்பியிருந்தது. லேபிளில் அவள் பென்சிலால் போட்ட கோட்டைச் சரியாகத் தொட்டு நின்றது ஸ்பிரிட். இரண்டாவதும் அப்படியே. இருபதாவதும் அப்படியே.

"தண்ணி கலந்து வச்சிருப்பாரு" என்றாள் மேசைக்காரி. அவள் வாய்க்கு ஓய்வே கிடையாது.

ஒரு ஜாடியைத் திருகினாள். மேல்மூடிக்கு அடியில் வெள்ளை உள்மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதையும் நெம்பி எடுத்து முகர்ந்தாள். மூக்கைத் துளைத்தது. சுத்தமான ஸ்பிரிட்.

மூடப் போனவள் கை அப்படியே நின்றது.

உள்மூடியை நான் எப்போது போட்டேன்?

விடுப்புக்கு முந்தின கடைசி நாள் ஞாபகம் வந்தது. சில நாள் கழித்து வரவேண்டிய பிரசவ வலி அன்றைக்கே வந்துவிட்டது. தொண்ணூற்றாறு மேல்மூடிகளையும் அவசர அவசரமாகத் திருகிவிட்டு, உள்மூடிப் பாக்கெட்டைப் பிரிக்காமலே இழுப்பறையில் எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உள்மூடி இல்லாத ஜாடியில் இரண்டு மாதம்கூட ஸ்பிரிட் நிற்காது, ஆவியாகிவிடும். புழுக்கள் காய்ந்து தூளாகிவிடும்.

இழுப்பறையை இழுத்தாள். நூறு உள்மூடிகள் கொண்ட பாக்கெட் பிரிந்து கிடந்தது. மீதியை எண்ணினாள்.

நான்கு.

கடிதத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு தொட்டியடிக்கு ஓடினாள்.

"அண்ணே, உள்மூடி நீங்க போட்டதா?"

அவர் குழாயை மூடினார். "நீங்க போயி ஒரு மாசம் இருக்கும்மா. அலமாரியைத் திறந்தா ஒரே ஸ்பிரிட் வாசம். எல்லாம் பாதிக்கு எறங்கிப்போச்சு. நீங்க போட்ட கோடு வரைக்கும் ஊத்தி மூடி வச்சேன். எல்லாத்தையும் முடிக்க ரெண்டு நாள் ஆச்சு."

"ஐயாகிட்டச் சொல்லியிருக்கலாமே? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? இப்ப உங்க வேலையே போயிருக்கும்ணே!"

"சொன்னா, மூடாமப் போனது யாருன்னு ஐயா கேப்பாரேம்மா. புதுசா அள்ளிட்டு வான்னு சொல்லிட்டா, கைக்குழந்தையை விட்டுட்டு நீங்க மறுபடி கப்பல் ஏறுறதா?" என்றவர், அடுத்த ஜாடியை எடுத்தார். "பாப்பா தவழுதான்னு கேட்டேனே, சொல்லவே இல்லையே."

"தவழுதுண்ணே" என்றாள், சுருட்டிய கடிதத்தைப் பிரித்துக்கொண்டே.

சாயங்காலம் பேராசிரியர் கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை ஜாடி?"

"தொண்ணூற்றாறும்தான் சார்."

படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

எழுதியதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பொறுப்பானவர் என்ற இடத்தில் மட்டும் ஜாடி அண்ணனின் பெயரை அடித்துவிட்டு, தன் பெயரை எழுதியிருந்தாள்.