ரெமோனின் தட்டு

ரெமோன் சூப்பைத் தொடவில்லை.

நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் சூப்பைக் குடிப்பார். அவருடைய அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட இரண்டு கிண்ணம் குடித்தவர்.

வீணாகப் போகிறதே என்று அவருடைய கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மலைச்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை. லாரிக்காரர்கள் ஒரு பதினைந்து பேர் இருப்பார்கள். மெனு என்று எதுவும் கிடையாது. கடைக்காரி யோலாந்த் அன்றைக்கு என்ன சமைத்தாளோ அதுதான் எல்லோருக்கும்.

வாசலில் லாரி நிற்கிற கடையில்தான் சாப்பிட வேண்டும் என்பது ரெமோனின் கொள்கை. அந்தக் கொள்கையோடுதான் நேற்றுக் காலை தன்னுடைய மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தார். பெரிய சாலையில் போனால் கிளெர்மோன் நகரத்துக்கு மூன்று மணி நேரம். நாங்கள் ஊர் ஊராக நின்று, சாப்பிட்டு, இரண்டு நாளில் போவதாகத் திட்டம். நேற்றெல்லாம் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

இன்று ஐந்து மணிக்குள் கிளெர்மோன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு இதய ஆபரேஷன். வால்வு மாற்றுகிறார்கள். இன்று மதியம் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், நடுராத்திரிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தத் தாளை ரெமோன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடியும் படித்தார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

அடுத்துப் பருப்பும் பன்றி சாசேஜும் வந்தன. ரெமோன் முள்கரண்டியால் ஒரே ஒரு பருப்பைத் தட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போனார். பிறகு அதைத் திரும்பக் கூட்டி வந்தார்.

சாசேஜ் ஆறிக்கொண்டிருந்தது. அதையும் நானே எடுத்துக்கொண்டேன். தோல் மொறுமொறுவென்று, உள்ளே பூண்டு மணக்க, பிரமாதமாக இருந்தது.

ஒயின் கிளாஸையும் அவர் தள்ளி வைத்தார். பக்கத்து மேசையில் பேச்சு நின்றுபோனது.

எங்கள் பக்கத்தில் தட்டில் மிச்சம் வைப்பது, சமைத்தவளை முகத்துக்கு நேரே திட்டுவது மாதிரி. யோலாந்த் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். உப்பு கூடிப்போச்சா, வேகலையா, என்ன குறை என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

சமையலில் ஒரு குறையும் இல்லை என்றார் ரெமோன். நாளைக்கு இதய ஆபரேஷன் என்றார். உடனே எட்டாவது தடவையாக அந்தத் தாளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

யோலாந்தின் கைகள் இடுப்பிலிருந்து இறங்கின. ஓடிப்போய்க் கோழி ரசம் ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உப்பே போடவில்லையாம்.

கடை முழுக்கச் செய்தி பரவ அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஓரத்து மேசையிலிருந்து ஒரு தடித்த லாரிக்காரர் எழுந்து வந்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, கழுத்துக் குழியிலிருந்து வயிறுவரை இறங்கும் தழும்பைக் காட்டினார்.

“பயப்படாதீங்கண்ணே. நாலே மாசத்துல நான் மறுபடி வண்டி ஓட்டினேன்.”

ரெமோன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் இன்னொருவர் வந்து அவர் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். மூன்றாமவர் கையைக் குலுக்கினார். நாலாவது ஆள் பாக்கெட்டிலிருந்து சிகரெட்டை எடுத்து நீட்டி, பிறகு நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே வைத்தார்.

எல்லோரும் ரெமோனைப் பார்த்த கண்ணால் அடுத்து என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை.

சீஸ் பலகை வந்தது. ஒவ்வொரு மேசையிலும் வேண்டியதை வெட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். வெட்டுவதிலும் ஓர் அளவு உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாலு வகையிலும் கை நிறைய வெட்டினேன். நீலச் சீஸில் இரண்டு துண்டு. பக்கத்து மேசைக்காரர்கள் கத்தியோடு காத்திருந்தார்கள்.

இவ்வளவு நேரம் யோலாந்த் பொறுத்ததே பெரிய விஷயம். மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரரு நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப் போறாங்கன்னு பச்சத்தண்ணி இறங்காம உக்காந்திருக்காரு. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா இறங்குது?”

கத்தியோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

ரெமோன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“ஆபரேஷன் எனக்கில்லீங்க. இவளுக்கு.”

தடித்த லாரிக்காரர் அவசர அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பயம் எனக்கும்தான். நேற்று ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் எனக்கும் சேர்த்து ரெமோன் பயந்து பட்டினி கிடக்கும்போது, அவருக்கும் சேர்த்து நான்தானே சாப்பிட வேண்டும்.

யோலாந்த் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீஸ் பலகையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பிறகு, இனிப்புக்குப் பிளம் டார்ட் ஒன்று போதுமா என்று கேட்டாள்.

வாய் நிறைய சீஸ். இரண்டு விரலைக் காட்டினேன்.