கைக்குட்டைப் பெண்

"டேய் எல்டன், கையை நீட்டு. ஓடினேன்னா கயிறு வீசிப் பிடிப்போம்."

சமையல்காரர் ஹைரம் சிவப்புக் கைக்குட்டையை உதறிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மாட்டுக்காரர்கள் கூட்டமாக, இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டு.

"என்னை விட்டுடுங்க ஹைரம். கால் சுளுக்கியிருக்கு," என்றாள் எல்டா, தன் ஆண் குரலில்.

"காலையில குதிரை மேல தாவி ஏறினியே, அப்ப எங்க போச்சு சுளுக்கு?"

வயோமிங் பண்ணைகளில் கிறிஸ்துமஸ் ஆட்டம் என்றால் இந்தத் தொல்லை உண்டு. கொட்டகை நிறைய ஆண்கள். பெண்கள் என்று பார்த்தால் முதலாளியம்மா, அவர் தங்கை, தபால் நிலையத்து விதவை, அவ்வளவுதான். அதனால் சில ஆண்கள் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அன்றைக்கு மட்டும் பெண்களாக ஆட வேண்டும். கட்டியவருக்கு உட்கார நாற்காலி உண்டு, கேக்கில் முதல் துண்டு உண்டு. வெளியே போய் விஸ்கி குடிக்க மட்டும் அனுமதி இல்லை. மீசை அரும்பாத முகமாகப் பார்த்துத்தான் முதலில் கட்டுவார்கள்.

எல்டாவுக்கு மீசை எங்கிருந்து அரும்பும்? மிசௌரியில் முடியை வெட்டி எறிந்து, அண்ணனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு எல்டனாகி இரண்டு குளிர்காலம் ஆகிறது. கன்றுகளுக்குச் சூடு போடுவாள், புகையிலை மென்று துப்புவாள், கெட்ட வார்த்தையில் அவளை மிஞ்சப் பண்ணையில் ஆளில்லை. ஆனால் முதலாளி கோல்ஃபாக்ஸ் பெண்களை வேலைக்கு வைக்க மாட்டார். பெண் ஏறினால் குதிரை கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. குட்டு உடைந்தால் வேலையும் போகும், அவள் பார்த்துப் பார்த்துப் பழக்கிய சாம்பல் நிறக் குதிரையும் போகும்.

ஹைரம் முடிச்சை இறுக்கினார். ஆணாக நடிக்கும் பெண், இப்போது பெண்ணாக நடிக்கும் ஆணாக நடிக்க வேண்டும். நினைத்தால் எல்டாவுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவளுக்குத் தன் கால்கள் மேல்தான் நம்பிக்கை இல்லை. சின்ன வயதில் கற்ற ஆட்டமெல்லாம் அவற்றில் ஊறிக் கிடந்தது. எனவே வேண்டுமென்றே கண்றாவியாக ஆடிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"பொண்ணு ரெடி. ஜோடி யாருப்பா?" என்றார் ஹைரம்.

"நான்," என்றது ஒரு கரகரத்த குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டுக்காரர்களின் மேஸ்திரி ரூஃபஸ். எந்த ஆட்டத்திலும் சுவரை விட்டு அசையாதவர். தூரத்தில் போகும் பசுவின் நடையை வைத்தே சினையா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் தன் நடையையும் அளந்துவிடுமே என்று எல்டா நொண்டிக்கொண்டே போய் நின்றாள்.

ஹைரம் பிடிலை எடுத்து இழுத்தார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கத்திச் சொல்வதும் அவர்தான். எல்டா திட்டப்படி மேஸ்திரியின் காலை நச்சென்று மிதித்தாள்.

"பார்த்து வைடா."

"பழக்கமில்ல மேஸ்திரி."

"எனக்கு மட்டும் இருக்கா?"

உண்மைதான். மேஸ்திரி அவளைவிட மோசம். அவள் திரும்பும்போது தானும் திரும்பினார், அவள் போகும் பக்கமே தானும் போய் முட்டினார்.

"மேஸ்திரி, அது பொண்ணு. கன்னுக்குட்டின்னு நினைச்சு மடக்காதீங்க," என்றான் ஒருவன். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது.

பிடில் வேகம் பிடித்தது. பூட்ஸ் கால்களின் அதிர்வில் விளக்குகள் ஆடின. எல்டாவுக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. எத்தனை வருடமாயிற்று இப்படி ஆடி. சுற்றினாள், மறுபடி சுற்றினாள், இல்லாத பாவாடையின் நுனியை இரண்டு விரலால் அழகாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள்.

மேஸ்திரி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கத்துக்கிட்ட?"

"யாரோ ஆடினதைப் பார்த்தேன்."

"பார்த்தா காலுக்கு வரும். விரலுக்கு வராது."

எல்டா விரல்களை மடக்கிக்கொண்டாள். இனி மறைத்து என்ன பயன்?

"காலையில கிளம்பிடறேன் மேஸ்திரி. இன்னைக்கு மட்டும் முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் மெதுவாக. லாயம் இருந்த பக்கம் திரும்பினாள். "குதிரைக்கு முன்னங்கால்ல புண் இருக்கு. யாரையாவது மருந்து போடச் சொல்லுங்க."

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் ஹைரம் கத்தினார்.

"ஆம்பளைங்க வெளிய, பொம்பளைங்க உள்ள."

எல்டா வட்டத்துக்குள் பாய்ந்தாள். மேஸ்திரியும் அதே வேகத்தில் உள்ளே பாய்ந்தார். நெற்றியும் நெற்றியும் மோதி, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சிரித்த சிரிப்பில் ஹைரமின் கையிலிருந்து பிடில் நழுவியது. முதலாளி கோல்ஃபாக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே மேஸ்திரி நெற்றியைத் தேய்த்தபடி அவள் காதருகே குனிந்தார்.

"முதலாளிகிட்ட சொன்னா ரெண்டு பேரும்ல மூட்டை கட்டணும்? எனக்கும் எங்க ஊர்ல பொம்பளை ஆட்டம் மட்டும்தான்டி சொல்லிக் கொடுத்தாங்க."