கதவுக்கு ஒரு சாட்சி

“மூணாவது தடவையா சொல்றேங்க, நான் சார் இல்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்.”

சொன்னவர் காவலாளி ஹாலிஸ். கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் வருடச் சந்தையில், பெண்கள் கழிப்பறை வாசலை அடைத்தபடி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே டார்லா. ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய முடி, சேறு காய்ந்த பூட்ஸ், டிராக்டர் மாதிரி குரல். அவளுக்குப் பின்னால் பூப்போட்ட கவுனும் முத்துமாலையுமாக அவள் சிநேகிதி கோரின், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். டெக்சாஸில் புதுச் சட்டம். அரசு இடத்தில் இருக்கும் கழிப்பறைக்குள், பிறந்தபோது ஆண், பெண் என்று என்ன எழுதினார்களோ அதன்படிதான் போக வேண்டும். சந்தை மைதானம் கவுண்டிக்குச் சொந்தம். யாராவது மாறிப் போய்விட்டால் தன் தலைதான் உருளும் என்று ஹாலிஸ் காலையிலிருந்து ஒவ்வொரு முகமாக உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்லாவுக்கோ அவசரம். இன்னும் பத்து நிமிடத்தில், மேடையேறிக் கத்திப் பன்றி கூப்பிடும் போட்டி, பெண்கள் பிரிவு. மூன்று வருடமாக இரண்டாம் பரிசோடு வீடு திரும்புகிறவள், இந்த வருடம் முதல் பரிசான நீல ரிப்பனை விடுவதாக இல்லை. தொண்டை காயக்கூடாதென்று விடிந்ததிலிருந்து ஆறு டம்ளர் லெமனேட் குடித்திருந்தாள். ஆனால் பன்றியைக் கூப்பிடுவது தொண்டையின் வேலை இல்லை, அடிவயிற்றின் வேலை. இந்த நிலைமையில் அடிவயிற்றை எக்கிக் கத்தினால் ஊரே பார்க்க மேடையில் என்ன ஆகும் என்பதை நினைக்கவே அவளுக்கு வேர்த்தது.

கோரினுக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்திருந்தாள். டயட் என்று சொல்லிவிட்டு, நூறு டிகிரி வெயிலிலும் கோரின் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

டார்லா ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாள். அதில் ஆண், பெண் என்பதையெல்லாம் இப்போது மாற்றிக்கொள்கிறார்களாம், செல்லாது என்றார் ஹாலிஸ். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் காட்டச் சொன்னார்.

“பன்னி கூப்பிட வந்தவ பிறப்புச் சான்றிதழையா இடுப்புல சொருகிட்டு வருவா? அதை எவளாவது சந்தைக்குத் தூக்கிட்டு வருவாளா?”

கோரின் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

போட்டியாளர்கள் மேடைக்குப் பின்னால் வரவும் என்று ஒலிபெருக்கி அலறியது. டார்லா கால் மாற்றிக் கால் நின்றாள். அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கோரின் முன்னே வந்தாள்.

“ஐயா, பள்ளிக்கூட நாள்லேர்ந்து இவளை எனக்குத் தெரியும். இவ பொம்பளைதான். என் வார்த்தைய நம்புங்க.”

அந்த மெல்லிய குரலைக் கேட்டதும் ஹாலிஸ் எழுந்தே விட்டார். தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் தன் நோட்டை எடுத்து, ‘உள்ளே போகிறவர் பெண்தான் என்று ஒரு பெண் சாட்சி சொல்கிறார்’ என எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். கையெழுத்து மட்டும் போதாது, கூடவே உள்ளே போய்த் துணைக்கும் நிற்க வேண்டும் என்றார்.

கோரின் முகம் வெளுத்தது. “நானா? எனக்கு வேண்டாங்க. நான் வெளியவே நிக்கறேன்.”

“அட, நீங்க போங்க மேடம். உங்கள மாதிரி ஒரு குடும்பப் பொண்ணு கூட இருந்தாத்தான் உள்ள இருக்கறவங்களுக்கும் நிம்மதி.”

டார்லா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாடி. அவரே கூப்பிடறாரு.”

கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாள். கதவை அவளுக்காக ஹாலிஸே திறந்துவிட்டார்.

முதலில் வெளியே ஓடி வந்தவள் டார்லா. கோரின் வர இன்னும் இரண்டு நிமிடம் ஆனது. இருவர் முகத்திலும் அப்படி ஒரு தெளிவு.

அதன்பிறகு மேடையில் கிளம்பிய “சூ...ஈ...” இருக்கிறதே, பட்டியிலிருந்த பன்றிகள் வேலியை முட்டிக்கொண்டு நின்றன. ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நடுவர்கள் கூடிப் பேசக்கூட இல்லை, நீல ரிப்பனைக் குத்திவிட்டார்கள்.

ஹாலிஸ் இரண்டு லெமனேட் வாங்கிக்கொண்டு தேடி வந்தார். டார்லாவிடம் வேண்டா வெறுப்பாக ஒரு மன்னிப்பு. கோரினைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு, மனசாரச் சொன்னார்: “உங்கள மாதிரி பொம்பளைங்க இருக்கறதாலதான் மேடம், இந்தச் சட்டமே நிக்குது.”

அவர் தலை மறைந்ததும் கோரின் லெமனேடை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டார்லாவுடையதையும் பிடுங்கிக்கொண்டாள்.

“மெதுவா குடிடி,” என்றாள் டார்லா. “ரெண்டு பெத்தவ நான். வாசல்ல மறிச்சது என்னை. அதுக்கு நீ எனக்குச் சாட்சி.”

கோரின் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போன மாதம் சட்டத்தை மதித்து ஆண்கள் கழிப்பறைக்குப் போனவளை அங்கிருந்தவர்கள் கத்தி விரட்டியதிலிருந்து கைப்பையில் சுமந்து திரியும் பிறப்புச் சான்றிதழை விரித்து, அதில் ‘ஆண்’ என்றிருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். இதை மட்டும் ஹாலிஸ் பார்த்திருந்தால், அந்த நோட்டில் யாருக்கு யார் சாட்சி என்று எழுதியிருப்பார், நீங்களே சொல்லுங்களேன்?