சமர்த்துப் பிள்ளை

உண்ணாமலை தன் மகனின் கையிலிருந்த சாவிக்கொத்தை வெடுக்கென்று பிடுங்கியதை மேகலா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

மருத்துவரின் அறைக்குள் காலெடுத்து வைக்கும் நேரத்தில்தான் அது நடந்தது. அதுவரை ஒவ்வொரு சாவியாகத் தள்ளிவிட்டு, அந்தக் கிணுகிணுப்பில் தன்னை மறந்து நின்றிருந்த தமிழழகன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு அலறினான். தரையில் விழுந்து புரண்டான். தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"பெத்தவதானாங்க நீங்க?" மேகலாவின் வாயிலிருந்து சொல் தெறித்து விழுந்தது. "சாவியக் குடுங்க அந்தப் புள்ளகிட்ட!"

உண்ணாமலை திரும்பவே இல்லை. "வெளிய வந்து குடுத்துடறேன்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மகனை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அலறல் கதவுக்குள் அடங்கவில்லை.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அன்று முகாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பார்த்து, யாருக்குப் பயிற்சி மையத்தில் இடம் என்று மருத்துவர் முடிவு செய்வார். இடம் கிடைத்தால் வாரந்தோறும் ஊருக்கே வேன் வரும்; பேசவும் பிறரோடு பழகவும் கற்றுத் தருவார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

மணமகள் அறை மருத்துவரின் அறையாகியிருந்தது. மேடையில் போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள் பாதி உதிர்ந்து தொங்கின. ஊழியர் அழகேசன், மண்டபத்து ஒலிபெருக்கியிலேயே பெயர்களைக் கூவினார். ஒவ்வொரு கூவலுக்கும் ஏதாவதொரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சுருண்டது.

மேகலாவின் மகள் தாரணி மட்டும் சுருளவில்லை. அவள் அப்பா அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறவர். இரைச்சலுக்காக ஆட்கள் அங்கே மாட்டிக்கொள்ளும் காதுக்கவசம் போல ஒன்றை மகளுக்கும் வாங்கித் தந்திருந்தார். தலையைவிடப் பெரிதான அந்த மஞ்சள் கவசத்தை மாட்டிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள் தாரணி. விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் மாறி வந்த வழியெல்லாம் அதே சிரிப்புதான்.

"முறுக்கெல்லாம் ஒடச்சுக் குடுத்து நல்லாத்தானே பேசிட்டிருந்தா, இந்தப் பூலாம்பாடிக்காரி?" என்றாள் பக்கத்து நாற்காலிச் செல்வம்மாள். "மொகத்தப் பாத்தா அப்பிராணியாட்டம் இருந்துச்சே!"

"நாலு பேரு முன்னாடியே இப்படின்னா, வூட்டுல அந்தப் பயல என்ன பாடு படுத்துவாளோ!" என்றாள் மேகலா.

கதவு திறந்தது.

வெளியே வந்த உண்ணாமலை ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. வாசலிலேயே தரையில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மகன் கையில் வைத்தாள். பல் பதிந்து கன்றிப்போன அவன் மணிக்கட்டைத் தன் உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினாள்.

மேகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தாரணியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் இழுத்துக்கொண்டு அவளருகே போனாள்.

"புள்ளைக்குத் தண்ணி குடுங்க... எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"எடம் கெடச்சுடுச்சு" என்றாள் உண்ணாமலை.

"அதுக்கு?"

"போன வருசம் சாவியோடதாங்க உள்ள கூட்டிப் போனேன். அசையாம ஒக்காந்திருந்தான். 'நல்லாத்தானேம்மா இருக்கான், இவனவிட முடியாத புள்ளைங்க வெளிய காத்திருக்கு'ன்னு அனுப்பிட்டாங்க."

"நீங்க எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேங்க. ராத்திரி தூங்காதது, கடிச்சுக்கறது, எல்லாம் சொன்னேன். 'எல்லா அம்மாவும் இதையேதாம்மா சொல்றீங்க'ன்னாங்க. அந்த டாக்டரம்மாவையும் குத்தம் சொல்லக் கூடாது. இத்தன புள்ளைங்கள ஒரே நாள்ல பாக்கச் சொன்னா, அவங்களுந்தான் என்ன செய்வாங்க? கண்ணு முன்னால நடக்கறதத்தான் பாக்க முடியும்."

தமிழழகன் சாவியைத் தள்ளிக் கிணுகிணுத்தான். உண்ணாமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவன் ரெண்டு மூணு வார்த்த பேசிட்டிருந்தான். இந்த ஒரு வருசத்துல எல்லாம் போச்சு. 'அம்மா'ங்கறதும் போச்சு."

அவள் எழுந்தாள். தாரணியின் மஞ்சள் கவசத்தை ஒரு கணம் பார்த்தாள். மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

"விக்கிரமங்கலம் தாரணி!" ஒலிபெருக்கி இரைந்தது.

தாரணி விசிறியைப் பார்த்துச் சிரித்தாள்.

"போயிட்டு வாங்க!" நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தாள் செல்வம்மாள். "ஒங்க பொண்ணுக்கு என்னங்க, கல்லுப் புள்ளையாராட்டம் எம்புட்டுச் சமத்து! டாக்டரம்மாவுக்கு ஒரு வேலையும் வெக்காது!"

மேகலா திரும்பி மகளின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்தாள். தாரணியின் முன் குனிந்தாள்.

"அம்மாவ மன்னிச்சுக்கடி தங்கம்."

மஞ்சள் கவசத்தைக் கழற்றித் தன் பைக்குள் திணித்தாள். அதே நொடியில் அழகேசன் அடுத்த பெயரைக் கூவினார்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகையில், தாரணியின் அலறலையும் மீறிச் செல்வம்மாளின் குரல் முதுகில் வந்து விழுந்தது.

"அடிப்பாவி! நீயும் பெத்தவதானாடி?"